மெத்தூசலாவின் ஹேண்ட் பிரேக்

செய்யாத குற்றத்துக்குப் பழி சுமப்பது எல்லோருக்கும் நடக்கிறதுதான். செய்யாத புண்ணியத்துக்குப் பெயர் வாங்குவதும் சிலருக்கு வாய்க்கிறது. எனக்கு இரண்டும் ஒரே நாளில், ஒரே இடத்தில், ஒரே சொல்லால் வந்து சேர்ந்தன. பழியைப் பற்றி இத்தனை வருஷமாக வாய் ஓயாமல் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். புண்ணியத்தைப் பற்றி மட்டும் வாயைத் திறந்ததில்லை. இன்று இரண்டையும் எழுதிவிடப் போகிறேன். எங்கள் வீட்டார் சொல்லும் கதையை ஏற்கெனவே கேட்டவர்கள் இதையும் தயவுசெய்து படிக்க வேண்டும். (அவர்கள் சொல்வதில் பாதி பொய். மீதி நைனா சொன்னது.)

நைனா என்றால் என் அப்பா. சித்தூர்ப் பக்கத்துத் தமிழர்கள் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் ஸ்டோர் கீப்பர். பஞ்சு, பாட்டில், கட்டுத்துணி என்று எல்லாவற்றுக்கும் அவர்தான் காவல். தன் காலத்தில் ஸ்டோரிலிருந்து ஒரு ஊசிகூடக் காணாமல் போனதில்லை என்பதை அவர் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். காப்பி கொடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுவார்.

அந்த ஆஸ்பத்திரியின் வெள்ளைக்கார டாக்டரம்மா ஊருக்குத் திரும்பும்போது தன் காரை நைனாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அன்பினால் கொடுத்தார் என்பது நைனாவின் கட்சி. தள்ளிவிட வேறு ஆள் கிடைக்காமல் கொடுத்தார் என்பது அம்மாவின் கட்சி. வேதாகமத்தில் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பது வருஷம் உயிரோடிருந்த கிழவர் ஒருவர் உண்டு, மெத்தூசலா என்று. காருக்கு அந்தப் பெயரை வைத்தது நான். அதற்கு மேல் அந்தக் காருக்கும் எனக்கும் எந்த உறவும் இல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியம் வந்திருக்காது.

மெத்தூசலாவுக்கு ஓடத் தெரியும். நிற்கத்தான் தெரியாது. கால் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தால் நிற்கும். காலை எடுத்தால் நகரும். ஹேண்ட் பிரேக் என்று ஒரு நீண்ட இரும்புக் கம்பி டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. அதை இழுத்தால் டக், டக், டக் என்று பல் பல்லாக ஏறும். எத்தனை பல் ஏறினாலும் பின்சக்கரங்களுக்கு அந்தச் செய்தி போய்ச் சேராது. எங்கள் வீடோ மிட்டூரில், சரிவில். மிட்ட என்றால் தெலுங்கில் மேடு. பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது.

அதனால் ஆப்பு வந்தது. புளியங்கட்டையில் ஆசாரி செதுக்கிக் கொடுத்த முக்கோணக் கட்டை. கார் எங்கே நின்றாலும் நைனா பிரேக்கை மிதித்தபடி "ஆப்பு!" என்று கத்துவார். நான் கதவைத் திறந்து குதித்து, பின்னால் ஓடி, சக்கரத்துக்கு அடியில் அதைச் செருக வேண்டும். பன்னிரண்டு வயதில் ஆரம்பித்த உத்தியோகம் இது. கோயில் வாசலில் சபையார் அத்தனை பேரும் பார்க்க, கிறிஸ்துமஸ் பட்டுப் பாவாடையோடு கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். பி.எஸ்ஸி. பாஸ் செய்த பிறகும் ஓடினேன். (இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஒருவரைக் கவிழ்ப்பதை 'ஆப்பு வைப்பது' என்கிறார்கள். புதிதாகக் கண்டுபிடித்துவிட்டதாக நினைப்பு. எனக்கு அந்த அர்த்தம் அப்போதே தெரியும்.)

ஆந்திரா தனி ராஜ்யமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்த நேரம் அது. எல்லை இன்னும் முடிவாகவில்லை. திருத்தணி அந்தப் பக்கம் போகுமாம், சித்தூர் இந்தப் பக்கமே இருக்குமாம் என்று தினமும் ஒரு பேச்சு. இரண்டு பேர் ஜட்காவில் ஏறினால் மூன்றாவது ஆள், "உங்க வூட்ல இன்னா பாஷ?" என்று கேட்கிற காலம். நாங்கள் வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு, சண்டையில் இரண்டும். எதற்காக ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று எங்களுக்குப் புரியவே இல்லை.

எனக்குப் புரிய வேண்டிய நாள் சீக்கிரமே வந்தது. திருப்பதியில் ஒரு பெண்கள் பள்ளிக்கு சயன்ஸ் டீச்சர் வேலை, நிரந்தர வேலை, இன்டர்வியூவுக்கு அங்கே கல்வி ஆபீசுக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்திருந்தது. அதுவரை யாராவது பிரசவ லீவில் போனால் அந்த இடத்தில் மூன்று மாதம் பாடம் நடத்துகிறவளாகவே இருந்தேன். இந்த வேலை கிடைக்காவிட்டால் அரக்கோணத்தில் அண்ணன் வீட்டுக்குப் போய், அண்ணியின் மூன்று குழந்தைகளுக்கு மூக்குத் துடைத்துக்கொண்டு காலம் தள்ள வேண்டியதுதான் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. (குழந்தைகள் மேல் எனக்கு விரோதமில்லை. அந்த மூக்குகள் மேல் இருந்தது.) கடிதத்தின் கடைசி வரியில், விண்ணப்பதாரருக்குத் தெலுங்கு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. அந்த வரியை நான் படித்த தடவைக்கு வேறு எதையாவது படித்திருந்தால் எம்.எஸ்ஸி.யே வாங்கியிருப்பேன்.

திருப்பதிக்கு ரயில் இருந்தது. இதை எல்லோரும் கவனிக்க வேண்டும். சித்தூரில் ஏறினால் பாகாலா வழியாகத் திருப்பதியில் இறக்கிவிடுகிற நல்ல ரயில் இருந்தது. நான் ரயிலில் போகிறேன் என்றுதான் சொன்னேன்.

"இன்னா பாப்பா, வாசல்ல காரு நின்னுக்கினு கீது, நீ ரயில்ல போய்க்கினு கீறியா? பாக்கறவங்க இன்னா சொல்வாங்க?" என்றார் நைனா.

"அந்த ஆபீஸ் வாசல்ல நான் கட்டையத் தூக்கினு ஓடறதப் பாத்தா மட்டும் இன்னா சொல்வாங்க?" என்றேன்.

நைனா யோசித்தார். கடைசியில் ஹேண்ட் பிரேக்கைச் சரிசெய்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று இரண்டு பேருமே ஒத்துக்கொண்டோம். மெக்கானிக்கிடம் போக நைனா சம்மதிக்கவில்லை. போன தடவை அந்த மனிதர் மெத்தூசலாவைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, அடக்கம் எப்போது என்று கேட்டிருந்தார். "நானே சரிபண்றேன் நைனா" என்று நான் சொன்னேன். என்ன திமிர் பாருங்கள். பௌதிகத்தில் நெம்புகோல் தத்துவம் மூன்று வகை என்று படித்திருந்தேன். ஹேண்ட் பிரேக் அதில் ஒரு வகை. மூன்று வகையும் தெரிந்தவளுக்கு ஒரு கம்பி என்ன பெரிய காரியம் என்பது என் எண்ணம்.

இன்டர்வியூவுக்கு முந்தின நாள் மதியம் வேலையை ஆரம்பித்தோம். டாக்டரம்மா விட்டுப்போன, காருக்கான இங்கிலீஷ் புஸ்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு நைனா வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நான் டிரைவர் சீட்டுக்கு முன்னால் தரைப் பலகையைப் பெயர்த்து எடுத்துவிட்டு, தலை காருக்குள்ளும் கால் காருக்கு வெளியிலுமாக மண்டியிட்டேன். லீவரின் அடியிலிருந்து ஒரு கேபிள் பின்சக்கரத்துக்குப் போகிறது. அதன் முனையில் ஒரு நட். அதை முறுக்கினால் கேபிள் இறுகும். சக்கரத்துக்குள் இருக்கும் பிரேக் கட்டைகள் டிரம்மை நன்றாகப் பிடிக்கும். இவ்வளவுதான் விஷயம்.

"பின்சக்கரம் ரெண்டையும் ஜாக் போட்டுத் தரையிலேர்ந்து தூக்கணும்ன்னு போட்டுக்கீது" என்று நைனா படித்தார்.

"ஜாக் எங்க?"

"போதகர் வாங்கினு போனாரு."

"அப்ப அடுத்தத படி நைனா."

"லீவரைக் கீழ எறக்கிட்டு, கையால சுத்தினா சக்கரம் தாராளமா சுத்துதான்னு பாக்கணும்."

"ஜாக்கே இல்ல, எங்க சுத்தறது? அடுத்தது?"

அந்த இரண்டு வரிகள்தான் அந்தப் பக்கத்தின் உயிர். மீதியெல்லாம் சட்டை. உயிரை விட்டுவிட்டுச் சட்டையை நான் சிரத்தையாகத் தைத்தேன். லீவர் ஐந்தாறு பல் ஏறுவதற்குள் பிரேக் பிடிக்க வேண்டும் என்று புஸ்தகம் சொன்னது. ஐந்தாறில் பிடித்தால் பாஸ் என்றால், ஒன்றில் பிடித்தால் முதல் வகுப்பு அல்லவா? முறுக்கினேன். ஸ்பானர் இனிமேல் நகராது என்கிற வரைக்கும் முறுக்கினேன். பிறகு லீவரை இழுத்தால் ஒரே ஒரு டக். அதற்கு மேல் யானை இழுத்தாலும் வராது.

சாயங்காலம் ஆப்பை எடுத்துவிட்டுச் சரிவில் காரை நிறுத்திப் பார்த்தோம். மலை மாதிரி நின்றது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினோம். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து பார்த்தார்கள். லீவரை இறக்கினால்கூட அது நகரத் தயங்கியதை நான் கவனித்தேன். என் வேலையின் உறுதிக்கு அது அத்தாட்சி என்று எடுத்துக்கொண்டேன். "இனிமே ஆப்புக்கு வேலையில்ல" என்று புளியங்கட்டையை வீட்டுக்குள்ளே கொண்டுபோய்ப் போட்டதும் நான்தான். ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் மறுநாள் காலையில், கிளம்புகிற நேரத்தில், எனக்குள்ளே ஏதோ உறுத்தியது. "எதுக்கும் ஆப்ப எட்த்துக்கினியா நைனா?" என்று கேட்டேன். இது என் நினைவில் கல்லில் வெட்டினது போல இருக்கிறது. "எல்லாம் எட்த்துக்கினேன், நீ ஏறு" என்றார் நைனா. இதுவும் கல்லில் வெட்டினதுதான்.

மெத்தூசலா அன்றைக்கு ஓடவில்லை, முனகிக்கொண்டு போனான். பாகாலா தாண்டினதும் ஒரு தீய்ந்த வாடை வந்தது. யாரோ வயலில் எருவை எரிக்கிறார்கள் என்றார் நைனா. பத்து மைலுக்கும் எரு எரிந்தது. சந்திரகிரியில் ரோட்டோரம் நின்றவர்கள் கையைக் காட்டி ஏதோ கத்தினார்கள். நைனா பதிலுக்குக் கையை ஆட்டினார். சொந்தக் காரில் போகிறவர்களைக் கண்டால் ஜனங்களுக்கு ஒரு மரியாதை என்று எனக்கு விளக்கமும் சொன்னார்.

கல்வி ஆபீஸ் மலையடிவாரத்துப் பக்கம், ஏற்றமான ரோட்டில் இருந்தது. நைனா காரை மேட்டைப் பார்க்க நிறுத்தி, லீவரை ஒரு டக் இழுத்தார். நின்றது. நான் கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடாமல், கௌரவமாகப் புடவையைச் சரிசெய்துகொண்டு இறங்கினேன். என் வாழ்க்கையில் மெத்தூசலாவிலிருந்து மனுஷியாக இறங்கியது அந்த ஒரு தடவைதான்.

உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்தவர் பெரிய அதிகாரி, நெல்லூர்ப் பக்கத்துத் தெலுங்குக்காரர். வெள்ளைப் பஞ்சகச்சம், மேலே கோட்டு. நிதானமான மனிதர். சயன்ஸ் கேள்விகளெல்லாம் கேட்டு முடித்துவிட்டு, உராய்வு என்றால் என்ன, அதைத் தெலுங்கில் பிள்ளைகளுக்குச் சொல்வது போலச் சொல்லுங்கள் என்றார். நான் என் கடைத்தெருத் தெலுங்கைத் திரட்டினேன். இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று உரசினால் சூடு வரும், உதாரணத்துக்கு வண்டியின் பிரேக் விடாமல் சக்கரத்தை உரசிக்கொண்டே இருந்தால் சூடேறிப் புகை வரும் என்று தெலுங்கில் சொன்னேன். நல்ல உதாரணம் என்று மெச்சினார்கள். வழியெல்லாம் எங்கள் காரில் நடந்தது அதுதான் என்பது மட்டும் எனக்கு உறைக்கவில்லை. முதல் வகுப்பு!

"தெலுங்கு கொஞ்சம் பலவீனமாக இருக்கிறது. யோசித்துச் சொல்கிறோம்" என்றார் அதிகாரி, தெலுங்கில். அதாவது கதவு மூடவும் இல்லை, திறக்கவும் இல்லை. கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன்.

வெளியே நைனா லீவரை இறக்கிவிட்டு எஞ்சினை உறுமவிட்டுக்கொண்டிருந்தார். கார் அசையவில்லை. பின்சக்கரங்களிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. பிரேக் கட்டைகள் டிரம்மோடு ஒட்டிக்கொண்டுவிட்டன. ஆபீஸ் பண்ட்ரோத்து வந்து பார்த்தார் (பியூனை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்). அவர் போட்ட சத்தத்தில் ஒரு குமாஸ்தா வந்தார். கடைசியில் பெரிய அதிகாரியே கோட்டோடு வந்துவிட்டார்.

நான் வெட்கத்தால் செத்துக்கொண்டிருந்தாலும், தப்பு எது என்று அந்தக் கணத்தில் புரிந்துவிட்டது. நட்டைத் தளர்த்தினால் சக்கரம் விடுபடும். ஆனால் விடுபட்டதும் கார் பின்னால் உருளும். அதனால் ஒழுங்காகவே ஏற்பாடு செய்தேன். "கொஞ்சம் பின்னாலிருந்து தாங்கிப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று அதிகாரியையும் மற்றவர்களையும் தெலுங்கில் கேட்டுக்கொண்டேன். அவர்கள் சந்தோஷமாகவே வந்து கையைக் கொடுத்தார்கள். "நைனா, சக்கரம் விட்டதும் நான் சொல்வேன், உடனே ஆப்ப வெய்யி" என்று தமிழில் சொன்னேன். நைனா தலையை ஆட்டினார். பின்னால் போய் நின்றுகொண்டார். அவர் கையில் என்ன இருந்தது என்று நான் பார்க்கவில்லை. பெற்ற தகப்பனை யார் சோதனை போடுவார்கள்?

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, தரைப் பலகையைப் பெயர்த்துவிட்டு, காரின் கால்படியில் மண்டியிட்டு, டிரைவர் சீட்டுக்கு முன்னால் தலையை உள்ளேவிட்டேன். ஸ்பானரைப் பிடித்துத் திருப்பினேன். ஒரு சுற்று. இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றில் அடியில் எங்கேயோ 'டொங்' என்று ஒரு சத்தம். கார் ஒரு விரல்கடை பின்னால் போனது.

"ஆப்பு!" என்று தலைகீழாகக் கத்தினேன். "ஆப்பு! ஆப்பு!"

இங்கே சற்று நிறுத்தி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். தமிழில் ஆப்பு என்றால் கட்டை. தெலுங்கில் ஆபு என்றால் 'நிறுத்து.' ஒரு ப் தான் வித்தியாசம். காருக்குள் தலையை விட்டுக்கொண்டு, உயிர் போகிற அவசரத்தில் கத்துகிற பெண்ணின் வாயிலிருந்து வருவது ஒரு ப்-ஆ இரண்டு ப்-ஆ என்று எந்த அதிகாரியால் எண்ண முடியும்?

"ஆபமண்டுன்னாரு, ஆபண்டி!" என்றார் பெரிய அதிகாரி. நிறுத்தச் சொல்கிறாள், நிறுத்துங்கள் என்று அர்த்தம். பெண்பிள்ளை சொன்ன வார்த்தைக்கு மதிப்புக் கொடுக்கிற நல்ல மனிதர்கள். மூன்று பேரும் ஒரே நேரத்தில் கையை எடுத்துவிட்டு, இரண்டடி தள்ளி மரியாதையாக நின்றுகொண்டார்கள்.

மெத்தூசலா கிளம்பினான். முதலில் எருமை நடக்கிற வேகம். நான் தலையை வெளியே எடுக்கப் பார்த்தேன், கொண்டை ஸ்டியரிங்கின் அடியில் மாட்டிக்கொண்டது. கால் பிரேக் எதிரிலேயே இருந்தது, கையால் அமுக்கினேன்; மனுஷர் காலுக்குப் பழகின பிரேக் என் கைக்கு அசைந்து கொடுக்கவில்லை. வேகம் கூடியது. "ஆப்பு! ஆப்பு!" என்று இறக்கம் முழுக்கக் கத்திக்கொண்டே போனேன். அவர்களும் பின்னாலேயே ஓடி வந்தபடி, "ஆபேஸாமம்மா! ஆபேஸாமு!" என்று கத்தினார்கள். நிறுத்திவிட்டோம், நிறுத்திவிட்டோம்! அவர்கள் நிறுத்திவிட்டார்கள்தான். கார்தான் நிற்கவில்லை.

இறக்கத்தின் அடியில், ரோடு திரும்புகிற இடத்தில், ஆபீசுக்கு வழி காட்டும் பெரிய பலகை ஒன்றை அன்றைக்குத்தான் நட்டிருந்தார்கள். பழைய இங்கிலீஷ் பலகையை எடுத்துவிட்டு, புது ராஜ்யத்துக்குப் பொருத்தமாகத் தெலுங்கில் எழுதி, பெயிண்ட்கூடக் காயவில்லை. ஊரில் எவ்வளவோ மரம் இருக்கிறது, சுவர் இருக்கிறது. மெத்தூசலா நேராகப் போய் முதுகால் அதைச் சாய்த்து, அதன்மேல் சாய்ந்து நின்றான்.

எனக்கு அடி எதுவும் இல்லை. கொண்டை போயிற்று, ஒரு செருப்பு போயிற்று. இறங்கிப் பார்த்தால் பலகை எழுத்துப் பக்கமாகவே காரின் முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

குமாஸ்தாதான் முதலில் வாயைத் திறந்தார். "காவாலனே சேஸிந்தி!" என்றார். வேண்டுமென்றே செய்தாளாம்! எல்லைச் சண்டை நடக்கிற காலத்தில் தமிழ்க்காரப் பெண் தெலுங்குப் பலகையைத் தேடி வந்து கவிழ்த்துவிட்டாளாம்! பின்னங்கழுத்தில் கண் இருந்தால்கூடத் தலைகீழாக இருந்துகொண்டு அப்படிக் குறிபார்க்க முடியுமா? எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகை வந்துவிட்டது. வேலை போயிற்று, அரக்கோணத்து மூக்குகள் மூன்றும் கண்முன்னே வந்து நின்றன.

அதிகாரி கையமர்த்தினார். "மீரே கதம்மா ஆபமன்னாரு?" என்று கேட்டார். நீதானே அம்மா நிறுத்தச் சொன்னாய்?

"நான் ஆபு சொல்லலை சார், ஆப்பு சொன்னேன்" என்றேன். கையால் முக்கோணம் போட்டுக் காட்டினேன். சக்கரத்துக்கு வைக்கிற கட்டை என்று விளக்கினேன்.

"சரி, அதைத் தெலுங்கில் என்ன சொல்வது?"

தெரியவில்லை. நியூட்டன் தெரிந்தது, உராய்வு தெரிந்தது, இந்தக் கட்டைக்குத் தெலுங்கு தெரியவில்லை. (பிற்காலத்தில் ஆறு பேரைக் கேட்டிருக்கிறேன். ஆறு பேரும் ஆறு சொல் சொன்னார்கள். ஆனால் அன்றைக்கு ஒன்று தெரிந்திருந்தாலும் போதும்.) குமாஸ்தா, "இதுதான் இவளுக்குத் தெரிந்த தெலுங்கு" என்பது போல அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி என்னைப் பார்த்தார். பிறகு நைனாவைப் பார்த்தார்.

நைனா திருமலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவரான மனிதர், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, அந்த ஏழு மலையை அவ்வளவு உருக்கமாகப் பார்த்ததை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

பண்ட்ரோத்து நட்டை அளவாக முறுக்கிக் கொடுத்தார். ஐந்தாவது பல்லில் பிடித்தது. பலகையை நிமிர்த்தி வைத்தார்கள். அதிலிருந்த எழுத்துகளில் பாதி, கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாறி, மெத்தூசலாவின் முதுகில் பதிந்துவிட்டது. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் முழுதாகப் போகவில்லை. நைனா எந்தப் பக்கம் சேர்ந்துவிட்டார் என்று சித்தூரில் பல பேர் பல மாதம் விசாரித்தார்கள்.

பொழுது இருக்கும்போதே வீடு வந்து சேர்ந்தோம். வழியெல்லாம் நைனா என்னைத் தேற்றிக்கொண்டு வந்தார். "தெலுங்கு நல்லா கத்துக்கினு இருக்கலாம் பாப்பா" என்று இரண்டு தடவை வருத்தப்பட்டார். கூடத்துக்குள் நுழைந்தேன். மேசைமேல் நைனாவின் சவரக் கண்ணாடி இருந்தது. மேசையின் குட்டைக் காலுக்கு அடியில் புளியங்கட்டை இருந்தது.

"இது எப்படி இங்க வந்துச்சு?" என்றேன்.

"உங்க நைனாதான் காலைல சவரம் பண்றப்ப, கண்ணாடி ஆடுதுன்னு எட்த்து முட்டுக் குட்த்தாரு. ஏன், தேடினீங்களா?" என்றாள் அம்மா.

தேடினோமா! நான் நைனாவின் பக்கம் திரும்பினேன்.

"எட்த்துக்கினியான்னு கேட்டேனே நைனா!"

"கேட்ட. சோறு, தண்ணி, கொட எல்லாம் எட்த்துக்கினேன்."

"நான் ஆப்பத்தான கேட்டேன்!"

"அது காதுல வுழல."

"சரி, அங்க எல்லாரும் எனக்குத் தெலுங்கு தெரியலன்னாங்களே, அப்பவாச்சும் ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? எங்கிட்ட ஆப்பே இல்ல, மறந்துட்டேன்னு?"

நைனா மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீ சின்னப் பொண்ணு. தெலுங்கு தெரியலன்னா கத்துக்கலாம். நான் ஸ்டோர் கீப்பரு. ஒரு சாமான மறந்துட்டு வந்துட்டேன்னு நாலு பேரு முன்னால எப்படிச் சொல்றது?" என்றார். உண்மையாகவே அது நியாயம் என்று நினைத்துச் சொன்னார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. பதினோரு நாள் நான் அவரோடு பேசவில்லை.

பன்னிரண்டாம் நாள் திருப்பதியிலிருந்து கடிதம் வந்தது. ஒரு வருஷத்துக்குள் தெலுங்குப் பரீட்சை பாஸ் செய்ய வேண்டும் என்ற நிபந்தனையோடு எனக்கு வேலை கொடுத்திருந்தார்கள். எதற்காகக் கொடுத்தார்கள் என்று எனக்கு விளங்கவே இல்லை. கையோடு போய்ச் சேர்ந்தேன். பரீட்சையும் பாஸ் செய்தேன். ஆனால் வகுப்பில் பிள்ளைகள் சத்தம் போடும்போது "ஆபண்டி!" என்று நான் சொன்னால், ஊர்க் கதை தெரிந்த வாண்டு யாராவது ஒரு மரக்கட்டையைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைப்பது மட்டும் கடைசிவரை நிற்கவில்லை.

விளக்கம் பல வருஷம் கழித்துக் கிடைத்தது. அதே அதிகாரி, ஓய்வு பெற்ற பிறகு, எங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்கு வந்தார். நைனாவும் அம்மாவும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரி மேடையில் அந்தப் பழைய கதையை எடுத்தார். "அன்றைக்கு இந்த டீச்சரின் தகப்பனார் கையை நான் பார்த்தேன். காலியாக இருந்தது. நாங்கள் சரியாகப் புரிந்துகொண்டிருந்தாலும் வைப்பதற்குக் கட்டை இல்லை. 'தப்பு என் தகப்பனாருடையது' என்று ஒரு வார்த்தை சொல்லித் தப்பித்திருக்கலாம். அத்தனை பேச்சும் வாங்கிக்கொண்டு, வேலை போனாலும் பரவாயில்லை என்று அவரைக் காட்டிக்கொடுக்காமல் நின்றாள் இந்தப் பெண். இப்படிப்பட்டவள் பிள்ளைகளுக்கு டீச்சராக வர வேண்டும் என்று அன்றைக்கே எழுதிவிட்டேன்" என்றார்.

கைதட்டல் கூரையைப் பிளந்தது. சில டீச்சர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் கும்பிட்டபடி நின்றேன். ஐயா, நான் காட்டிக்கொடுக்கவில்லைதான்; எனக்குத் தெரியாததனால் காட்டிக்கொடுக்கவில்லை! தெரிந்திருந்தால் அந்த இடத்திலேயே, இரண்டு பாஷையிலும், மலைமேல் இருக்கிறவருக்கே கேட்கிற மாதிரி கத்தியிருப்பேன். இதை அன்றைக்கு மேடையில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இன்றைக்குத்தான் சொல்கிறேன்.

இறங்கி வந்ததும் நைனா என் கையைப் பிடித்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்றே நினைத்தேன்.

"பாத்தியா பாப்பா," என்றார் மலர்ந்த முகத்தோடு, "அன்னிக்கு நான் மறந்துட்டு வந்ததாலதான் உனக்கு வேல கெடச்சுது."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது. யாராவது தான் செய்த தப்பை அடுத்தவர் தலையில் கட்டிவிட்டுச் சாதுவாக நின்றால், "ஆப்பு வூட்லகீது" என்பார்கள். சாவியைத் தொலைத்தவர், பாலைப் பொங்கவிட்டவர், பரீட்சையில் கோட்டைவிட்டவர் எல்லோருக்கும் அதே மந்திரம்தான். கதையைச் சொல்லும்போது மட்டும், தெலுங்கு தெரியாமல் பலகையைச் சாய்த்தவள் நான். காரை ஓட்டிப்போய் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தவர் நைனா.

நைனா நல்ல வயதில், தூக்கத்திலேயே போனார். அடக்கத்தன்று கோயில் வாசலில் சபையின் சவப்பெட்டி வண்டியை நிறுத்தினார்கள். கோயிலும் அதே மிட்டூர்ச் சரிவில்தான். பெட்டியை ஏற்றினதும் வண்டி லேசாகப் பின்னால் நகர்ந்தது. பிடித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர், "சக்கரத்துக்கு ஆப்பு வைங்கப்பா!" என்று கத்தினார். எல்லோரும் சுற்றுமுற்றும் கட்டையைத் தேடினார்கள். முந்தானையால் முகத்தை மூடி அழுதுகொண்டிருந்த அம்மா, முகத்தை எடுக்காமலேயே சொன்னாள்: "ஆப்பு வூட்லகீது."

நான்தான் முதலில் சிரித்தேன். பிறகு அண்ணன் சிரித்தான், அண்ணி சிரித்தாள், போதகர்கூட வேதாகமத்தால் வாயை மறைத்துக்கொண்டார். சிரித்துக்கொண்டே அழுதேன்; அவ்வளவு அழுகை எனக்குள் இருந்தது என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. ஆனால் எங்கள் உறவில் இன்றைக்கும் இதை எப்படிச் சொல்கிறார்கள் தெரியுமா? பெற்ற தகப்பன் பெட்டியில் கிடக்கும்போது வாய்விட்டுச் சிரித்தவள் என்று. சொன்னவள் அம்மா. சிரித்தது அத்தனை பேரும். அந்தப் பழியும் எனக்குத்தான்.